வினாக்கொத்தா, நேர்காணலா, அவதானமா, பரிசோதனையா? உளவியல் ஆய்வேட்டுக்கு முறை தெரிதல்

ஆய்வேட்டு முன்மொழிவு கொடுக்கும் காலம் நெருங்கும்போதெல்லாம், உளவியலும் கல்வியியலும் படிக்கும் மாணவரிடமிருந்தும், உளவளத்துணை டிப்ளோமா பயிலும் ஆசிரியரிடமிருந்தும் ஒரே வகையான கேள்வி வருகிறது. தலைப்பு இருக்கிறது, மேற்பார்வையாளரும் ஒப்புக்கொண்டுவிட்டார், ஆனால் தரவை எந்த முறையால் திரட்டுவது என்று முடிவெடுக்க முடியவில்லை என்கிறார்கள். கடைசியில் பெரும்பாலானோர் வினாக்கொத்தையே எடுக்கிறார்கள். முன்னைய ஆண்டு மாணவர்களும் அதையே செய்தார்கள் என்பதும், அது செலவு குறைந்தது என்பதும் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். முதலாவதைக் காரணமென்றே கொள்ள முடியாது. இரண்டாவது அரைவாசி மட்டுமே உண்மை.

நான்கு முறைகளையும் தனித்தனித் தலைப்புகளுக்குப் பொருத்திக் காட்டினால் ஒப்பீடு தெளிவாக இராது. ஆகவே ஒரே பொருளை நான்கு முறைகளிலும் ஆராய்வதாக வைத்துக்கொள்வோம்: யாழ்ப்பாண மாவட்டத்தில் உயர்தரம் படிக்கும் மாணவரின் கைத்தொலைபேசிப் பாவனையும், படிக்கும்போது அவர்களுக்கு இருக்கும் கவனமும். பெற்றோரும் ஆசிரியரும் ஏற்கனவே தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்ட ஒரு பொருள் என்பதால், ஆய்வுமுறையின் பலமும் பலவீனமும் இதில் நன்றாகத் தெரியும்.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

முதலில் பார்க்கவேண்டியது, ஆய்வின் முடிவில் எழுத விரும்பும் வாக்கியம். அது பெரும்பாலும் நான்கு வகைகளில் ஒன்றாக இருக்கும். இத்தனை பேர் இப்படி இருக்கிறார்கள் என்பது விவரிப்பு. ஒன்று கூடும்போது மற்றொன்றும் கூடுகிறது அல்லது குறைகிறது என்பது தொடர்பு. இதனால்தான் அது நிகழ்கிறது என்பது காரணம். தமக்கு நடப்பதை அவர்கள் இப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்பது பொருள்கொள்ளல். தொடர்பு வாக்கியத்துக்குரிய தரவைச் சேர்த்துவிட்டுக் காரண வாக்கியத்தை எழுதுவதே ஆய்வேடுகளில் மிகுதியாகக் காணப்படும் குறை. பகுப்பாய்வு மென்பொருள் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் அந்தக் குறையை அதனால் சரிசெய்ய முடியாது, ஏனெனில் அது தரவு திரட்டிய நாளிலேயே உண்டாகிவிடுகிறது.

இரண்டாவது, ஆராயப்படும் விடயத்தில் மனிதர் சொல்வதற்கும் செய்வதற்கும் இடையே உள்ள தூரம். சாப்பாட்டில் எது பிடிக்கும் என்று கேட்டால் அந்தத் தூரம் சிறியது. பிள்ளையை அடிப்பதுண்டா, படிக்கும்போது எத்தனை தரம் தொலைபேசியை எடுக்கிறாய் என்று கேட்டால் பெரியது. நம்பகத்தன்மை, ஏற்புடைமை என்று பாடக்குறிப்பில் வரும் இரண்டு எண்ணக்கருக்களும் இந்த இடத்தில்தான் உயிர்பெறுகின்றன. ஒரு மாணவரிடம் மூன்று கிழமைகளில் மூன்று தரம் கேட்டாலும் ஒரே விடை வரலாம், அளவீடு நம்பகமானதுதான். ஆனால் அந்த விடை அவரது பாவனையை அளக்காமல், பாவனையைப் பற்றி அவருக்கு இருக்கும் வெட்கத்தை அளந்திருக்கலாம். அப்படியானால் அது ஏற்புடையது அல்ல.

மூன்றாவது, சென்றடையும் வாய்ப்பும் அனுமதியும். மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. பாடசாலைக்குள் நுழைவதற்கு வலயத்தின் அனுமதி, அதிபரின் சம்மதம், 18 வயதுக்குக் குறைந்த மாணவராயின் பெற்றோரின் எழுத்துச் சம்மதம், அதற்கு மேலாக மாணவரின் சொந்த விருப்பம் என்று பல படிகள் உண்டு. நான்காவது, உழைப்பு எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பது. எல்லா முறைகளிலும் உழைப்பு உண்டு, ஆனால் சிலவற்றில் அது தொடக்கத்திலும் சிலவற்றில் இறுதியிலும் வருகிறது. ஐந்தாவது, பங்குபற்றுவோருக்கு நேரக்கூடிய பாதிப்பு. இழப்புகளைக் கடந்து வந்த குடும்பங்கள் நிறைந்த ஒரு மாவட்டத்தில் இதைக் கடைசியாக வைத்துப் பார்க்கக்கூடாது; இடவசதிக்காகவே இங்கு கடைசியில் எழுதப்படுகிறது.

## வினாக்கொத்து

குறைந்த நேரத்தில் நிறையப் பேரிடமிருந்து, ஒருவரோடொருவரை ஒப்பிடக்கூடிய வடிவில் தரவு பெற இதைவிட நல்ல வழி இல்லை. வெளியிலிருந்து பார்த்து அறிய முடியாத பதகளிப்பு, தனிமையுணர்வு, தன்மதிப்பு போன்ற உள்நிலைகளை அளக்கவேண்டுமாயின், அவற்றை உணர்பவரிடமே கேட்பதைத் தவிர வேறு வழியும் குறைவு. உடன்படுகிறேன், உடன்படவில்லை என்று படிநிலைகளாக விடையளிக்கும் அளவுத்திட்டத்தை ரென்சிஸ் லிக்கெர்ட் 1932இல் முன்வைத்தார். அதன் எளிமையே அது இன்றுவரை நிலைத்திருப்பதற்குக் காரணம்.

பலவீனம் எங்கே என்பதை, அதற்கு இரண்டு ஆண்டுகள் பின்னர் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்கச் சமூகவியலாளர் ரிச்சர்ட் லாபியர், சீன இளந்தம்பதி ஒன்றுடன் அந்நாட்டில் பயணம்செய்து 251 விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் சென்றார். சீனருக்கு எதிரான வெறுப்பு மிகுந்திருந்த காலம் அது. இருந்தும் ஓரிடத்தில் மட்டுமே அவர்கள் மறுக்கப்பட்டனர். ஏறத்தாழ ஆறு மாதங்களின் பின்னர், சீனரை விருந்தினராக ஏற்பீர்களா என்று அதே இடங்களுக்கு வினாக்கொத்து அனுப்பியபோது, விடையளித்தவர்களில் 90 சதவீதத்துக்கும் அதிகமானோர் ஏற்கமாட்டோம் என்று எழுதினர். வாசலில் வரவேற்றவரும் கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் ஒரே ஆளாக இல்லாதிருக்கலாம் என்ற நியாயமான விமர்சனம் இந்த ஆய்வின்மீது உண்டு. ஆயினும் தாளில் குறிக்கும் விடையை நடத்தையாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்ற பாடம் நிற்கிறது. எமது எடுத்துக்காட்டிலும் இதே சிக்கல் உள்ளது: கைத்தொலைபேசியில் செலவிட்ட நேரம் பற்றி மக்கள் சொல்வதையும் கருவி பதிந்துள்ளதையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான மீள்பகுப்பாய்வு, இரண்டுக்கும் இடையே மிதமான இணைபு (ஒன்றோடொன்று சேர்ந்து மாறும் அளவு) மட்டுமே இருப்பதைக் கண்டது. ஒரு நாளுக்கு எத்தனை மணித்தியாலம் பாவிக்கிறீர்கள் என்று கேட்பதற்குப் பதிலாக, தொலைபேசியின் அமைப்புகளுக்குள் சென்று திரைநேரத்தைப் பார்த்து எழுதச் சொல்வது இந்தக் குறையைப் பெருமளவு குறைக்கும். பலர் இதைச் செய்வதில்லை என்பது வியப்புக்குரியது.

இங்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கம்பஸிலிருந்து ஒரு பிள்ளை தாள்களோடு வந்து நிற்கும்போது, அந்தப் பிள்ளைக்கு உதவவேண்டும் என்ற நல்லெண்ணத்தில் எல்லாக் கூற்றுகளுக்கும் ஓம் என்று குறித்துக் கொடுப்பவர்கள் அநேகர். வகுப்பாசிரியர் பக்கத்தில் நின்றால் விடை இன்னும் நல்ல பிள்ளையாகிவிடும். கூற்றுகளில் அரைவாசியை எதிர்மறையாக அமைப்பதும், பெயரில்லாமல் மடித்துப் பெட்டியில் போடச் செய்வதும், ஆசிரியரை வகுப்புக்கு வெளியே நிற்குமாறு பணிவாகக் கேட்பதும் ஓரளவு உதவும்.

மறைசெலவுகளில் மிகப் பெரியது மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் உருவான அளவுத்திட்டத்தை ஓர் இரவில் தமிழாக்கி, அதன் பெயரையும் புகழையும் அப்படியே எடுத்துக்கொள்வது பரவலாக நடக்கிறது. முறையாகச் செய்வதாயின் ஒருவர் தமிழாக்கவேண்டும். மூலத்தைப் பார்த்திராத இன்னொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்கவேண்டும். வேறுபாடுகளைத் தீர்த்தபின் சிறு குழுவொன்றிடம் கொடுத்து, ஒவ்வொரு கூற்றையும் அவர்கள் எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்று கேட்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், இங்குள்ளோர் மனத்துயரை உடல்சார்ந்த முறைப்பாடுகளாகவும் தமக்கே உரிய பேச்சுவழக்கிலும் வெளிப்படுத்துவதைத் தமது எழுத்துகளில் பதிவுசெய்துள்ளார். அப்படியிருக்கையில், வேறோர் ஊரின் நோய்க்குறிப் பட்டியலை மட்டும் வைத்து அளந்தால் துயரின் ஒரு பகுதி வலைக்குள் சிக்காமலே போய்விடும். தமிழில் ஏற்கனவே ஏற்புடைமை பார்க்கப்பட்ட கருவி கிடைத்தால் இந்தச் செலவு பெரும்பாலும் இல்லாமற்போகும். அத்தகைய கருவி இருக்கிறதா என்று தேடாமல் புதிதாக மொழிபெயர்க்கத் தொடங்குவது வீண்.

அடுத்தது மாதிரி. 1970இல் கிரெச்சியும் மோர்கனும் வெளியிட்ட அட்டவணை எங்கள் ஆய்வேடுகளில் மந்திரம்போல மேற்கோள் காட்டப்படுகிறது: குடித்தொகை 500 ஆயின் 217 பேர், 1000 ஆயின் 278 பேர், மிகப் பெரிதாயின் 384 பேர். அந்த எண்கள், குடித்தொகையிலுள்ள எல்லாருக்கும் தெரிவாகச் சமவாய்ப்புத் தரும் எழுமாற்று மாதிரியைக் கருதியே கணிக்கப்பட்டவை. கூகிள் படிவத்தை வட்ஸ்அப் குழுக்களில் பகிர்ந்து, நிரப்ப மனமிருந்த 384 பேரைச் சேர்த்துவிட்டு அந்த அட்டவணையைக் காட்டுவதில் பொருளில்லை. கைத்தொலைபேசியில் மூழ்கியிருப்பவர்களே அந்தப் படிவத்தை முதலில் நிரப்புவார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். இரண்டு மாறிகளுக்கிடையே மிதமான இணைபு உண்டா என்று மட்டும் பார்ப்பதாயின், ஏறத்தாழ 85 பேரிடம் கவனமாகப் பெற்ற தரவு போதும்.

எனவே வினாக்கொத்து சிறந்த தெரிவாவது, அளக்கப்படுவது உள்நிலையாக இருந்து, தமிழில் சோதிக்கப்பட்ட கருவியும் கையில் இருந்து, விவரிப்பு அல்லது தொடர்பு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ள ஆய்வாளர் மனம் கொண்டிருக்கும்போது. அதிக பாவனையும் குறைந்த கவனமும் சேர்ந்து காணப்பட்டால், பாவனை கவனத்தைக் குலைத்திருக்கலாம். கவனம் நிலைக்காதவர் தொலைபேசியை நாடியிருக்கலாம். நித்திரைக் குறைவோ வீட்டுப் பிரச்சினையோ இரண்டையும் ஒருசேர உண்டாக்கியிருக்கலாம். எது என்று இந்தத் தரவு சொல்லாது.

## நேர்காணல்

எத்தனை பேர் என்பதை விட்டு, எப்படி, ஏன் என்று அறிய விரும்பும்போது நேர்காணல் பொருந்தும். ஒரு மாணவி இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியை எடுப்பது, வெளிநாட்டிலிருக்கும் தகப்பன் அந்த நேரத்தில்தான் அழைப்பார் என்பதற்காக இருக்கலாம். இன்னொருவருக்கு ரியூசன் குறிப்புகள் வருவதே வட்ஸ்அப்பில்தான். வினாக்கொத்தில் இருவரும் ஒரே கட்டத்தில் சரிக் குறியிடுவார்கள்.

எண்ணிக்கை சிறியது என்பதால் இதை இலகுவான வழியாக நினைப்பவர்கள் உண்டு. ஓரளவு ஒத்த தன்மையுள்ள குழுவொன்றில் ஏறத்தாழ 12 நேர்காணல்களுக்குள் முக்கிய கருப்பொருள்கள் பெரும்பாலும் வந்துவிடுவதாக 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த எண்ணை எல்லாரும் மகிழ்ச்சியோடு பிடித்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு மணித்தியால ஒலிப்பதிவைச் சொல்லுக்குச் சொல் எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணித்தியாலம் வரை எடுப்பது சாதாரணம். யாழ்ப்பாணப் பேச்சை எழுத்துத் தமிழாகத் திருத்தி எழுதினால் தயக்கமும் அழுத்தமும் மறைந்துவிடும். அப்படியே எழுதி, பிறகு ஆங்கிலத்தில் ஆய்வேடு கொடுப்பதாயின் மேற்கோள்களை மொழிபெயர்க்கவேண்டும். பிறகு பேச்சின் பகுதிகளுக்குப் பெயரிட்டுக் குறியிடல், அவற்றைத் தொகுத்துக் கருப்பொருள் அமைத்தல். உழைப்பு முழுவதும் இறுதியில் விழுவதால், சமர்ப்பிக்கும் நாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது இந்த முறையைத் தெரிவுசெய்பவர் தமக்குத் தாமே தீங்கு செய்கிறார்.

நேர்காணலில் அளவுகருவி ஆய்வாளரேதான். எலிசபெத் லொஃப்ரஸ் 1974இல் ஜோன் பாமருடன் செய்த பரிசோதனையில், வாகன விபத்துப் படத்தைப் பார்த்தவர்களிடம் வாகனங்கள் ஒன்றையொன்று நொறுக்கியபோது என்ன வேகம் என்று கேட்டபோது சராசரி விடை மணிக்கு ஏறத்தாழ 41 மைலாகவும், மோதியபோது என்று மென்மையான வினையால் கேட்டபோது 34 மைலாகவும் இருந்தது. ஒரு வினைச்சொல் அவ்வளவு செய்யுமாயின், தொலைபேசியால் படிப்புக் கெட்டுப்போகிறதுதானே என்று தொடங்கும் கேள்வி என்ன செய்யும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அதைவிட, எங்கள் ஊர்களில் முதற் கேள்வியை ஆய்வாளர் கேட்பதில்லை. நீங்கள் ஆற்றை பிள்ளை, எவ்விடம் என்று அவரிடந்தான் கேட்கப்படுகிறது. அந்த விடையிலிருந்து உறவும் ஊரும் சாதியும் கணிக்கப்பட்டு, எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது என்பது தீர்மானமாகிவிடும். தெரிந்தவர் என்பதால் கதவு திறக்கும். தெரிந்தவர் என்பதாலேயே வாய் மூடும். பங்குபற்றுவோரை அடுத்த ஊரில் தேடுவது பெரும்பாலும் நல்லது. வீட்டில் நடத்தினால் தாயோ பேத்தியாரோ தேநீரோடு வந்து பக்கத்தில் இருந்துவிடுவார்கள் என்பதையும் திட்டத்தில் சேர்க்கவேண்டும். நூலகத்தின் ஒதுக்குப்புறமோ பாடசாலையின் உளவளத்துணை அறையோ பொருத்தமானது.

பாதிப்பைப் பொறுத்தவரை நான்கிலும் கூடுதல் கவனம் கேட்பது இந்த முறைதான். தொலைபேசி பற்றிய பேச்சு, காணாமற்போன தமையனைப் பற்றிய பேச்சாக மாற ஒரு நிமிடம் போதும். அவ்வேளையில் ஒலிப்பதிவை நிறுத்தவும், தொடர்வதா என்று கேட்கவும், யாரிடம் அனுப்பலாம் என்ற விவரத்தைக் கையில் வைத்திருக்கவும் ஆய்வாளர் தயாராக இருக்கவேண்டும். தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐயும், அருகிலுள்ள வைத்தியசாலை உளநலப் பிரிவின் விவரத்தையும் அச்சிட்டுக் கொடுப்பது மிகக் குறைந்த கடமை. உளவளத்துணை பயில்பவர்கள் இங்கு வேறொரு பொறியில் விழுகிறார்கள்: நேர்காணலைத் துணையமர்வாக்கிவிடுகிறார்கள். அது பங்குபற்றுபவருக்கும் நல்லதல்ல, தரவுக்கும் நல்லதல்ல.

## அவதானம்

நான்கில் மிகக் குறைவாகத் தெரிவுசெய்யப்படுவது இது. ஒரு மாணவர் தனியே, பணமில்லாமல், மொழிபெயர்ப்பில்லாமல் தரமாகச் செய்யக்கூடியதும் பெரும்பாலும் இதுதான் என்பது என் எண்ணம். சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலான தூரம் பெரிதாக உள்ள தலைப்புகளில், செயலையே எண்ணிவிடலாம் என்பது சிறிய வசதி அல்ல.

செய்முறை எளிது. நூலக வாசிப்பு மண்டபத்திலோ கற்கும் கூடத்திலோ அமர்ந்து, ஒவ்வொரு மேசையாக 30 செக்கன் பார்த்து, தொலைபேசி கையில், தொலைபேசி மேசையில், தொலைபேசி கண்ணில் படவில்லை என்று மூன்றில் ஒன்றைக் குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்குச் செல்வது நேரமாதிரி முறை. ஒரு மாணவரைத் தொடர்ந்து பார்த்து, தொலைபேசியை எடுக்கும் ஒவ்வொரு தடவையையும் அதற்கு முன் நடந்ததையும் குறிப்பது நிகழ்வுமாதிரி முறை. முதலாவது விவரிப்புக்கும் இரண்டாவது நுணுக்கத்துக்கும் ஏற்றது.

மறைசெலவு வரையறையில் இருக்கிறது. திரையைத் திருப்பி நேரம் பார்ப்பது பாவனையா? அகராதி பார்ப்பது கவனச் சிதறலா? இவற்றை எழுத்தில் தீர்மானிக்காமல் போனால் முதலாம் நாளின் எண்ணும் பத்தாம் நாளின் எண்ணும் வெவ்வேறு பொருள்களை எண்ணியவையாகிவிடும். இதைச் சரிபார்க்க இரண்டாவது அவதானிப்பாளர் ஒருவர், முழுநேரமும் இல்லாவிட்டாலும் ஒரு பகுதிக்காவது வேண்டும். அவர்களின் உடன்பாட்டை வெறும் சதவீதமாகக் கொடுப்பது ஏமாற்றும். 100 இடைவெளிகளில் இருவரும் 85 தடவை இல்லை என்றும் 5 தடவை உண்டு என்றும் ஒத்துக்குறித்து, மீதி 10இல் ஆளுக்கு ஐந்தாக முரண்பட்டார்கள் என்று கொள்வோம். உடன்பாடு 90 சதவீதம். ஆனால் இருவரும் பார்க்காமலே குறித்திருந்தாலும், அந்த வீதங்களின்படி தற்செயலாகவே 82 சதவீதம் ஒத்திருக்கும். தற்செயலைக் கழித்துக் கணிக்கும் கொஹெனின் கப்பா அளவு, 90இலிருந்து 82ஐக் கழித்து 18ஆல் வகுக்கும்போது, 0.44 ஆகத்தான் வரும், அது நடுத்தரமானது. அரிதாக நிகழும் நடத்தைகளில் இந்தக் கணிப்பைத் தவிர்க்கக்கூடாது.

பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தால் நடத்தை மாறும் என்பது எல்லாரும் அறிந்த குறை. முதல் சில அமர்வுகளின் தரவைக் கணக்கில் எடுக்காமல் விடுவது ஒரு தீர்வு. பொது இடத்தில் எவரையும் அடையாளம் காட்டாமல் எண்ணிக்கை மட்டும் எடுப்பதற்குத் தனித்தனிச் சம்மதம் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. ஆனால் இடத்துக்குப் பொறுப்பானவரின் அனுமதியும் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் வேண்டும். கையில் தாளோடு ஒருவர் மூலையில் இருந்து மக்களைக் குறித்துக்கொண்டிருப்பது இந்த மாவட்டத்தில் சாதாரண காட்சியாக எடுத்துக்கொள்ளப்படாது. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அனுமதிக் கடிதத்தைப் பையிலே வைக்காமல் மேசையிலே வைப்பது நல்லது. மறைந்திருந்து படமெடுப்பது, அதுவும் பள்ளிப் பிள்ளைகளை, எந்த நியாயத்தாலும் ஏற்கத்தக்கதல்ல.

அவதானம் மனத்துக்குள் நுழையாது. புத்தகத்தைப் பார்த்தபடி இருப்பவர் படிக்கிறாரா, பகற்கனவு காண்கிறாரா என்பது கண்ணுக்குத் தெரியாது. கவனம் என்ற சொல்லை ஆய்வேட்டில் எழுதாமல், பணியில் ஈடுபட்டிருக்கும் நடத்தை என்று எழுதுவதே நேர்மையானது.

## பரிசோதனை

காரண வாக்கியம் வேண்டுமென்றால் வழி இதுதான். வில்ஹெல்ம் வூண்ட் 1879இல் லைப்சிக்கில் ஆய்வுகூடத்தை நிறுவியது உளவியலின் தொடக்கமாகக் கொள்ளப்படுவதும், சாரா மாறியை ஆய்வாளரே மாற்றி, ஏனையவற்றைக் கட்டுப்படுத்தி, சார்ந்த மாறியில் விளைவைப் பார்க்கும் இந்த ஒழுங்குக்காகத்தான். முறையின் உயிர் எழுமாற்றாகப் பிரித்தல். குடித்தொகையிலிருந்து எழுமாற்றாகத் தெரிவுசெய்வது வேறு, தெரிவானவர்களை எழுமாற்றாக இரண்டு குழுக்களாகப் பிரிப்பது வேறு. முன்னையது முடிவை மற்றவர்களுக்கும் விரித்துச் சொல்ல உதவும். பின்னையது காரணத்தைச் சொல்ல உரிமை தரும்.

எமது எடுத்துக்காட்டுக்கு முன்மாதிரியும் உண்டு. 2017இல் அமெரிக்க ஆய்வாளர் குழுவொன்று, தொலைபேசியை மேசையிலும், பையிலும், வேறோர் அறையிலும் வைக்கச் சொல்லிப் பங்குபற்றுவோரின் செயல்நினைவை (ஒரு பணியைச் செய்யும்போது தகவலை மனத்தில் வைத்துக் கையாளும் திறனை) அளந்து, தொலைபேசி வேறறையில் இருந்தவர்கள் சிறப்பாகச் செய்ததாக அறிவித்தது. பின்னர் செய்யப்பட்ட மீள்சோதனைகள் எல்லாம் அதே முடிவைத் தரவில்லை. பெரிய செலவில்லாமல் யாழ்ப்பாணத்தில் திருப்பிச் செய்து பார்க்கக்கூடிய வடிவம் அது. உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளை மீளச் செய்து 2015இல் அறிக்கையிட்டபோது, மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளிவிவர முக்கியத்துவம் (தற்செயலென்று இலகுவில் ஒதுக்கமுடியாத விளைவு) காட்டியிருக்க, மீள்சோதனைகளில் 36 சதவீதமே அவ்வாறு காட்டின. அத்துடன் உளவியலின் மாதிரிகள் பெருமளவு மேற்கு நாடுகளிலிருந்தே வந்தவை என்ற குறைபாட்டை 2010இல் ஹென்ரிக்கும் சகாக்களும் விரிவாக எடுத்துக்காட்டினர். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், புதுத் தலைப்பைத் தேடி அலைவதைவிட, நல்லதோர் ஆய்வை இங்குள்ள மாணவரிடம் கவனமாக மீளச் செய்வது இறுதியாண்டு மாணவர் ஒருவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை என்று தோன்றுகிறது. மேற்பார்வையாளர்கள் சிலர் இதைப் பழைய தலைப்பு என்று ஒதுக்குவது வருந்தத்தக்கது.

செலவு முழுவதும் தொடக்கத்தில் விழுகிறது. இரண்டு குழுக்களுக்கிடையே நடுத்தர அளவான வேறுபாட்டை 80 சதவீத வாய்ப்புடன் கண்டுபிடிக்கக் குழுவொன்றுக்கு 64 பேர் வேண்டும். சிறிய வேறுபாடாயின் 390க்கும் மேல். குழுவுக்கு 15 பேரை வைத்து வேறுபாடில்லை என்று முடிவுகட்டும் ஆய்வேடுகள், உண்மையில் எதையும் பார்க்கவில்லை. ஆட்கள் குறைவாயின், ஒரே மாணவர் இரண்டு நிலைமைகளிலும் பங்குபற்றும் வடிவத்துக்கு மாறலாம்; அதில் நடுத்தர விளைவுக்கு 34 பேரளவு போதும். பயிற்சியும் களைப்பும் குழப்பாமலிருக்க, அரைவாசிப் பேருக்கு ஒரு வரிசையிலும் மற்றவர்களுக்கு மறு வரிசையிலும் நிலைமைகளைக் கொடுக்கவேண்டும்.

பாடசாலையில் பிள்ளைகளைப் பிரிக்க முடியாது என்று ஒரு வகுப்பைப் பரிசோதனைக் குழுவாகவும் பக்கத்து வகுப்பைக் கட்டுப்பாட்டுக் குழுவாகவும் எடுப்பது வழக்கம். அதற்குப் பரிசோதனைசார் வடிவம் என்று பெயருண்டு. பெயர் இருப்பதால் பலம் வந்துவிடாது. கணிதப் பிரிவும் கலைப் பிரிவும் தொடக்கத்திலேயே வேறானவை. முன்சோதனை எடுத்து, வேறுபாட்டைச் சொல்லி, காரண வாக்கியத்தை ஒரு படி தாழ்த்தி எழுதினால் அதுவும் மதிப்பான வேலைதான்.

ஏமாற்றுதலை உள்ளடக்கிய பரிசோதனைகள் மாணவரை ஈர்க்கின்றன. சொலமன் அஷ் 1951இல், குழுவிலுள்ள ஏனையோர் பிழையான விடை சொல்லும்போது ஒருவர் கண்ணுக்குத் தெரிவதை விட்டு அவர்களோடு சேர்வதைக் காட்டினார். ஸ்ரான்லி மில்கிராம் 1963இல் அறிவித்த ஆய்வில் ஆய்வாளரின் கட்டளைப்படி இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பி, 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை ஆளியை அழுத்தினர். நேர்காணலால் வெளிக்கொணர முடியாதவை இவை என்பது உண்மை. ஆனால் மில்கிராமின் ஆய்வு பங்குபற்றுவோருக்குத் தந்த அழுத்தம் இன்றைய ஒழுக்கநெறிக் குழு எதனாலும் அனுமதிக்கப்படாது. இங்கு நடைமுறைச் சிக்கலும் உண்டு: காலையில் பங்குபற்றிய பிள்ளை மத்தியானம் ரியூசனில் எல்லாருக்கும் சொல்லிவிடும்.

## ஒரே பார்வையில்

| | வினாக்கொத்து | நேர்காணல் | அவதானம் | பரிசோதனை |
|---|---|---|---|---|
| எழுதத்தக்க வாக்கியம் | விவரிப்பு, தொடர்பு | பொருள்கொள்ளல் | நடத்தை விவரிப்பு | காரணம் |
| ஆட்கள் | 85 முதல் நூற்றுக்கணக்கில் | 12 அளவில் | இடத்தையும் அமர்வையும் பொறுத்தது | குழுவுக்கு 64, அல்லது இரு நிலைமைகளிலும் 34 |
| உழைப்பு விழும் கட்டம் | தொடக்கம் | இறுதி | நடுப்பகுதி | தொடக்கம் |
| மறைசெலவு | மொழிபெயர்ப்பு, மாதிரி | எழுத்தாக்கம் | வரையறை, இரண்டாம் ஆள் | ஆட்களைத் திரட்டல், கட்டுப்பாடு |
| பொருந்தாத இடம் | வெட்கத்துக்குரிய நடத்தை | எண்ணிக்கை வேண்டிய கேள்வி | உள்நிலை | மாற்றக்கூடாத அல்லது மாற்றமுடியாத மாறி |

இறுதி வரிசையின் கடைசிக் கட்டத்துக்குச் சிறு விளக்கம் தேவை. போர் இழப்பு, பெற்றோர் பிரிவு, மதுப் பாவனை போன்றவற்றை எவருக்கும் எழுமாற்றாக வழங்க முடியாது. இத்தகைய தலைப்புகளில் காரண வாக்கியத்தை எழுதும் ஆசையை முன்மொழிவுக் கட்டத்திலேயே விட்டுவிடவேண்டும்.

## கலப்பதும் தீர்மானிப்பதும்

எதைத் தெரிவதென்று தெரியாதபோது எல்லாவற்றையும் கலந்துவிடுவது இப்போது நாகரிகமாகியுள்ளது. 200 வினாக்கொத்தும் 10 நேர்காணலும் என்று முன்மொழிவில் எழுதுவது இலகு. ஆனால் இரண்டு முறைகளின் மறைசெலவும் கூட்டப்பட்டு, இரண்டும் அரைகுறையாகவே முடிகின்றன. ஒரு முறை முதன்மையாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தால் மட்டுமே இது தகும். வினாக்கொத்து அமைப்பதற்கு முன் ஐந்தாறு பேரோடு உரையாடி அவர்களது சொற்களைக் கூற்றுகளில் எடுப்பது ஒரு நல்ல கலப்பு. நூலகத்தில் எண்ணிக்கை எடுத்தபின் சிலரிடம் தொலைபேசியை எடுத்த காரணத்தைக் கேட்பது இன்னொன்று.

பாடசாலையில் கற்பிக்கும் ஆசிரியர் தம் சொந்த மாணவரை நேர்காண்பதையும், அவர்களுக்கு வினாக்கொத்துக் கொடுப்பதையும் தவிர்ப்பது நல்லது. புள்ளி போடுபவருக்கு மறுப்புச் சொல்லப் பிள்ளைகளால் இயலாது, ஆகவே சம்மதம் பெயரளவாகிவிடும். அவர் இன்னொரு பாடசாலையில் அவதானம் செய்யலாம், அல்லது தம் பாடசாலையில் தரவு திரட்டும் பொறுப்பைச் சக ஆசிரியரிடம் விடலாம். வார இறுதியில் மட்டும் நேரமுள்ள, வேலைபார்த்துக்கொண்டு படிப்பவருக்குச் சோதிக்கப்பட்ட தமிழ்க் கருவியுடன் கூடிய வினாக்கொத்துப் பொருந்தும். கேட்கும் பொறுமையும், எழுத்தாக்கத்துக்குக் குறைந்தது இரண்டு மாதமும் உள்ளவர் நேர்காணலை எடுக்கலாம். வகுப்பறையொன்றும் ஒத்துழைக்கும் அதிபரும் கிடைத்தவர் அந்த வாய்ப்பை வினாக்கொத்தில் வீணாக்காமல், ஒரே பிள்ளைகளை இரண்டு நிலைமைகளிலும் வைக்கும் பரிசோதனையை முயலவேண்டும்.

அனுமதி விண்ணப்பத்துக்கு முன்னர் ஒரு சிறு வேலை உண்டு. எடுக்க நினைக்கும் முறையை ஐந்து பேரோடு, தரவாகக் கொள்ளாமல், நண்பர்களோடும் உறவுப் பிள்ளைகளோடும் ஒத்திகை பார்த்து, கிடைத்ததை வைத்து முடிவுரையின் முதல் வாக்கியத்தை எழுதிப் பார்ப்பது. அந்த வாக்கியம் வராவிட்டால் மாற்றவேண்டியது முறையா கேள்வியா என்பதை மேற்பார்வையாளரோடு அப்போதே பேசிவிடவேண்டும். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி கிடைத்த பின்னர் முறையை மாற்றினால், திருத்திய விண்ணப்பத்தோடு அதே குழுவிடம் மீண்டும் போகவேண்டும். வலயத்துக்கும் அதிபருக்கும் கொடுத்த கடிதங்களையும் மாற்றி எழுதவேண்டும். பாடசாலைத் தவணை அதற்காகக் காத்திருக்காது.